குழற் பயிற்சியும் கடினத்தின் அளவுகோலும்

இசை பயில்வோர்க்கு எது எளிது, எது அரிது என்பதை எதனைக் கொண்டு அளப்பது? எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பாடவரிசை போதுமென்று நம்மிற் பலர் எண்ணி வருகின்றோம். புல்லாங்குழலைப் பொறுத்தமட்டில் அவ்வெண்ணம் பொருந்தாது என்பதே எமது கருத்து.

புரந்தரதாசர் வகுத்தனவாகப் போற்றப்படும் சரளி, ஜண்டை, அலங்காரம் ஆகிய வரிசைகளை மாயாமாளவகௌளை இராகத்தில் தொடங்கி, பின் மலகரி இராகத்தில் அமைந்த ‘ஸ்ரீ கணநாத’ கீதத்துக்குச் செல்வது மரபு. மிடற்றிசைக்கு இம்முறை மிக ஏற்றது. அண்மையிலுள்ள சுரங்களையும் சேய்மையிலுள்ள சுரங்களையும் வேறுபடுத்தி உணரச் செவியைப் பழக்குவது. ஆயின் குழல் மிடறன்று. அதற்கு விரலும் துளையும் மூச்சும் வேண்டும்.

கருநாடகக் குழலில் விரல்படும் முதலிரு துளைகளை மூடி ஊதினால் ஷட்ஜம் பிறக்கும். அங்கிருந்து ஒவ்வொரு துளையையும் முழுமையாக மூடியும் திறந்தும் ஊதுங்கால் இயல்பாக எழுவன அரிகாம்போதியின் சுரங்களே. மாயாமாளவகௌளையின் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் காகலி நிஷாதமும் துளையை அரைவாசி மூடினாலன்றிச் செவ்வனே பிறவா. காற்றை ஒருசீராகச் செலுத்தவே இன்னும் பழகாத பிள்ளையிடம் முதல் வாரத்திலேயே இவ்வருஞ்செயலை எதிர்பார்க்கின்றோம். சுரம் பிழைத்தால், பிழை விரலிலா மூச்சிலா என்று அப்பிள்ளை அறியமாட்டாது.

மோகனத்தை நோக்குக. அதன் 5 சுரங்களும் முழுத் துளைகளில் அமைகின்றன. காந்தாரத்தில் எல்லாத் துளைகளும் திறந்திருக்க, பஞ்சமத்தில் 5 விரல்கள் ஒருங்கே விழவேண்டும் என்பது மெய்யே. அதற்கும் பயிற்சி வேண்டும். எனினும் விரல் சரியாக விழுந்ததா இல்லையா என்பதைச் செவி உடனே சொல்லிவிடும். ஆகவே மலகரிக் கீதத்துக்குப் பின்னர்க் கற்பிக்கப்படும் ‘வரவீணா’ என்னும் மோகனக் கீதம், குழலில் அதனினும் எளியதாகின்றது. ஏட்டின் வரிசை ஒன்று. கருவியின் வரிசை பிறிதொன்று.

மரபை மீறலாமா என்று சிலர் வினவுவர். மீறவேண்டுவதில்லை. மாயாமாளவகௌளையை வாயாற் பாடிச் செவியிற் பதிக்கட்டும். கையில் மோகனத்தையும் அரிகாம்போதியையும் பழகட்டும். விரல் உறுதிப்பட்டபின் இரண்டும் ஒன்று கூடும்.

மேனாட்டு அளவுகோலும் நமக்கு முற்றும் உதவாது. 1889இல் இலண்டனில் தோன்றிய அரச இசைக்கல்லூரிகளின் கூட்டுச்சபை 8 தரங்களாகப் பரீட்சை நடத்துகின்றது. ஆயின் அங்கே பயிலப்படும் குழல், 1847இல் போம் என்னும் ஜெர்மானியர் திருத்தியமைத்த சாவிகளையுடைய குழலின் வழிவந்தது. அரைச்சுரங்களுக்கு அதிற் சாவி உண்டு. நம் மூங்கிலுக்கோ விரல் நுனியே சாவி.

கடினமும் காலத்துக்குக் காலம் மாறுவது. குழலைத் தனிக் கச்சேரிக்குரியதாக உயர்த்தியவர் கும்பகோணம் சரப சாஸ்திரிகள் (1872–1904). பின்வந்த மாலி எனப்பட்ட டி. ஆர். மகாலிங்கம் (1926–1986), வாய்ப்பாட்டின் கமகங்களையெல்லாம் அதிற் கொணர்ந்தார். அதன்பின் சுரத்தைத் தொடுவது மட்டும் போதாதாயிற்று. அதனை அசைக்கவும் இழைக்கவும் வேண்டியதாயிற்று. ஆதலால் ஓர் உருப்படியைத் தரம் பிரிக்குமுன் ஐந்தினை ஆராய்தல் வேண்டும்: அரைத்துளைச் சுரங்கள் எத்தனை, ஒரே மூச்சில் ஊதவேண்டிய தொடர் எவ்வளவு நீளம், மேல்தாயி எவ்வளவு, கமகம் எத்தகையது, காலம் எத்துணை விரைவு என்பன.

இஃது ஏட்டளவான வாதமன்று. பட்டணத்துப் பிள்ளை தடுமாறினால் ஆசிரியர் அருகிருந்து திருத்துவார். தெரணியகலை, எட்டியாந்தோட்டை, பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் பிள்ளைக்குக் குழலாசிரியர் கிடைப்பது அரிது. தப்பொலியிலும் பஜனையிலும் காமன் கூத்திலும் ஊறிய செவி அதற்குண்டு. தாளம் அதன் குருதியில் உண்டு. முதற்பாடம் பொருந்தாமையால் ‘எனக்குச் சங்கீதம் வராது’ என்று அப்பிள்ளை குழலை லயத்துப் பரணில் வைத்துவிடுமாயின், குறை பிள்ளையினதன்று, அளவுகோலினது.

1931இல் நிறுவப்பெற்ற வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்தி இசைக்கல்விக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. அவ்வழியில் நாம் ஓரடி மேலும் வைக்கலாம். நம் கல்லூரியிற் பயின்று ஆசிரியப் பணி ஏற்றோர் ஒன்றுகூடி, மேற்கூறிய ஐந்தினையும் குறித்துக் குழலுக்கெனத் தனிப் பாடவரிசையொன்றை ஆக்குக. வசதி படைத்த பழைய மாணவர், சிறு விரல்களுக்கேற்ற குறுகிய குழல்களை வாங்கித் தோட்டப் பாடசாலைகளுக்கு இரவலாக உதவுக. விழா மலர்கள் வாடும். ஒரு பிள்ளையின் கையிற் கொடுத்த குழல் வாடாது.