ஒன்பது ஆண்டுகளின் நன்றிக்கடன்



மே மாதம் பிறந்தால் குருக்களின் பணிமாற்றப் பட்டியலைப் பற்றிய பேச்சும் உடன் பிறந்துவிடும். இவ்வாண்டுப் பட்டியலில் நமது பெயரும் இடம் பெற்றிருக்கிறது. காவிரியின் கடைமடையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே, நான்கு கிளைக் கிராமங்களோடு அமைந்த பங்கொன்றில் ஒன்பது ஆண்டுகள் பணிபுரிந்து இப்போது விடைபெறுகிறோம். ஐந்தாறு ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டிய பணி நமக்கு ஒன்பதாக நீண்டது. அப்பங்கு மக்களும் இவ்விதழைப் படிப்பவர்களே. ஆதலின் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை மற்றப் பங்கினரும் கேட்கும்படி இங்கேயே சொல்லிவிட விழைகிறோம்.

பட்டியல் வெளியான மூன்றாம் நாள், பங்குப் பேரவையினர் சிலர் நம்மிடம் வந்தனர். ஆயர் இல்லத்துக்குச் செல்ல இரண்டு வேன்கள் பேசியாயிற்று. மனுவில் கையொப்பங்களும் வாங்கியாயிற்று. நாம் தடை சொல்லலாகாது என்றார்கள். அவர்களுள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் புனித ஜான் மரிய வியான்னியையே சாட்சிக்கு அழைத்தார். 1818-இல் ஆர்ஸ் என்னும் சிற்றூருக்குப் பங்குத்தந்தையாக வந்த அப்புனிதர், தனிமையை நாடி அவ்வூரைவிட்டு வெளியேற முயன்றதுண்டு. மக்கள் விடவில்லை. 1853-இல் அவர் புறப்பட்டபோது கோயில் மணியை அடித்து ஊரைக் கூட்டி வழி மறித்தனர். 1859-இல் இறக்கும் வரை, 41 ஆண்டுகள், அவர் அங்கேயே இருந்தார். "ஆர்ஸ் மக்கள் செய்ததைத்தானே சாமி, நாங்களும் செய்கிறோம்?" என்று கேட்டார் ஆசிரியர். புனிதர் வரலாறு படித்தவரோடு வாதாடுவது எளிதன்று!

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வியான்னி வெளியேற நினைத்தது அவருடைய சொந்த விருப்பம், ஆயரின் ஆணையன்று. நமக்கு வந்திருப்பதோ ஆணை. பங்கு மக்களின் ஏக்கத்தைத் திருச்சபை அறியாமலும் இல்லை. பங்குத்தந்தை ஓரிடத்தில் நிலைத்திருத்தல் வேண்டும் என்பதே 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 522-ஆம் விதியின் அடிப்படை. அதே தொகுப்பு, ஆன்மாக்களின் நலத்துக்காக அவரை வேறு பங்குக்கு மாற்றும் முறையையும் வகுத்துள்ளது. இதில் ஒரு வியப்பு உண்டு. 1752 விதிகள் கொண்ட அந்தத் தொகுப்பின் கடைசிப் பகுதியே பங்குத்தந்தையரின் பணிமாற்றத்தைப் பற்றியதுதான். ஆன்மாக்களின் மீட்பே திருச்சபையில் தலையாய சட்டம் என்னும் புகழ்பெற்ற கோட்பாடு, அந்தப் பணிமாற்றப் பகுதியின் கடைசி விதியிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. குருமடத்தில் அதைப் படித்தபோது, இதற்கு வேறிடம் கிடைக்கவில்லையா என்று எண்ணினோம். இப்போது அவ்வாறு எண்ணுவதில்லை. நாம் செல்லவிருக்கும் பங்கில் ஓராண்டாகப் பங்குத்தந்தை நோயுற்றுக் கிடக்கிறார். அங்கும் குழந்தைகள் பிறக்கின்றன. அங்கும் முதியோர் இறுதி அருட்சாதனங்களுக்குக் காத்திருக்கின்றனர். இதைச் சொன்னபோது ஆசிரியர் எழுந்து கொண்டார். வேன்களுக்குக் கொடுத்த முன்பணம் திரும்பாது என்று கேள்வி. அதே வேன்களில் நம்மைப் புதிய பங்கில் கொண்டுபோய் விடுவதென்று தீர்மானமாகியிருக்கிறது.

நிற்க. நன்றியைப் பற்றி எழுத வந்தோம்.

பிரியாவிடைக் கூட்டத்தில் வாசிக்கப்பெற்ற வாழ்த்து மடலில் கோபுரம், கல்லறைச் சுற்றுச்சுவர், பள்ளியின் மேல்தளம் யாவும் நம் பெயரில் வரவு வைக்கப்பட்டன. கணக்கேடு வேறு விதமாகச் சொல்லுகிறது. அதில் உள்ளவை நெல் விற்ற பணமும், தேங்காய் விற்ற பணமும், வளைகுடா நாடுகளில் வெயிலில் நிற்கும் பிள்ளைகள் அனுப்பிய பணமும் ஆகும். ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று, ஒவ்வொரு செலவுக்கும் சீட்டு கேட்ட இளைஞர் ஒருவரும் நம் நன்றிக்கு உரியவர். அவர் கேட்டதனால்தான் மாதந்தோறும் கணக்கைக் கோயில் வாயிலில் ஒட்டும் வழக்கம் ஏற்பட்டது. வாழ்த்து மடலில் அவர் பெயர் இல்லை.

நம் நெஞ்சில் நிற்பவை வேறு. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தபோது, இப்பகுதித் தென்னைகள் ஓர் இரவில் சாய்ந்தன. மரத்தைப் பிள்ளை என்று சொல்லி வளர்ப்பவர்கள் இம்மக்கள். தென்னம்பிள்ளை என்ற சொல்லின் பொருளை அன்றுதான் நாம் முழுவதும் அறிந்தோம். பங்குப் பள்ளியில் எல்லாச் சமயத்தவருமாகப் பல குடும்பங்கள் தங்கியிருந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இருந்த மரங்களில் மூன்றைத் தவிர மற்றவற்றை இழந்த கைம்பெண் ஒருவர், விழுந்த மரங்களின் இளநீரை வெட்டிக் கூடையில் சுமந்து அங்கே வந்தார். குழந்தைகளுக்கெல்லாம் கொடுத்த பின் நம்மிடமும் ஒன்றை நீட்டி, "இன்றைக்கே குடித்துவிடுங்கள் சாமி, நாளைக்கு வீணாகிவிடும்" என்றார். அடுத்த மழையில் அவர் வைத்த கன்றுகள் இப்போது காய்க்கின்றன. முதற்குலையைப் பீடத்தின் படியில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். நம்பிக்கையைப் பற்றி மறையுரை ஆற்ற நேரும்போதெல்லாம், அவர் முன்வரிசையில் அமர்ந்திருப்பதைக் கண்டால் நாம் சொற்களைக் குறைத்துக் கொள்வதுண்டு.

பின்னர் 2020 வந்தது. ஏப்ரல் 11-ஆம் நாள் இரவு, பூட்டிய கோயிலுக்குள் கோயில்பிள்ளையும் நாமும் மட்டுமாகப் பாஸ்காத் திருவிழிப்பைக் கொண்டாடினோம். குருவான நாள் முதல் அத்தகைய தனிமையை நாம் அறிந்ததில்லை. வானவர் கீதத்தின்போது மணிகளை ஒலிப்பது வழக்கமன்றோ? அன்றும் ஒலித்தோம். திருப்பலி முடிந்து கதவைத் திறந்தபோது, தெரு நெடுகிலும் வீட்டு வாயிற்படிகளில் மெழுகுதிரிகள் எரிந்து கொண்டிருந்தன. மணியோசை கேட்டதும் ஏற்றினார்களாம். எவரும் அறிவித்துச் செய்ததன்று.

அந்நாட்களில் அடக்கத்துக்கு இருபது பேருக்குமேல் கூடலாகாது என்பது அரசின் விதி. தொற்றுக்கு அஞ்சி உறவினரே விலகி நின்ற வேளைகளில், நம் இளைஞர்கள் முறைவைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினார்கள். இறந்தவர் எந்தத் தெருவினர், தூக்குபவர் எந்தத் தெருவினர் என்ற பேச்சு அப்போது எழவில்லை. அது இனியும் எழலாகாது என்பதற்காகவே இதனை இங்கே எழுதி வைக்கிறோம்.

புனித சின்னப்பர் எபேசு நகர மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்து விடைபெற்ற வரலாறு திருத்தூதர் பணி நூலின் 20-ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர்களிடையே உழைத்தவர் அவர். எவருடைய பொன்னுக்கும் வெள்ளிக்கும் ஆடைக்கும் ஆசைப்படவில்லை என்று கணக்கு ஒப்புவித்தார், அவர்களைக் கடவுளின் கையில் ஒப்படைத்தார், முழந்தாளிட்டு வேண்டினார். அவர்கள் கட்டித் தழுவி அழுதார்கள்; கப்பல் வரை சென்று வழியனுப்பினார்கள். இதில் நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் கப்பலை நிறுத்தவில்லை. அவரும் கப்பலைவிட்டு இறங்கவில்லை.

இவ்வாரம் திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகளையும், கணக்குகளையும், சாவிக் கொத்தையும் புதிய பங்குத்தந்தையிடம் ஒப்படைக்கிறோம். அவற்றோடு ஒப்படைக்க இயலாத ஒன்றும் உண்டு. நள்ளிரவில் கதவைத் தட்டியவர்களும், பிள்ளைகளுக்கும் சொல்லாத துயரத்தை நம்மிடம் சொன்னவர்களும், ஒன்பது ஆண்டுகள் நம்மைத் தங்கள் வீட்டு மனிதராக நடத்தினார்கள். அந்த உரிமை நமக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. குருத்துவத்தை நம்பி அவர்கள் அளித்தது. அதே நம்பிக்கையைப் புதியவருக்கும் அளியுங்கள் என்று வேண்டுகிறோம். திருமணம் மந்திரிக்க நம்மைக் கைப்பேசியில் அழைக்க வேண்டா. "முந்தைய சாமி இப்படிச் செய்தார்" என்று புதியவரிடம் சொல்ல வேண்டா. சில ஆண்டுகளேனும் திருவிழாவுக்கும் நாம் வாரோம். சிலருக்கு இது வருத்தமளிக்கும். நமக்கும் இது இனிப்பானதன்று. புதியவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டுமாயின், நாம் அங்கிருந்து எழுந்தாக வேண்டுமன்றோ?

ஞாயிறுதோறும் கடன்திருநாள்தோறும் தம் மக்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பது பங்குத்தந்தையின் கடமை. அதற்குக் காணிக்கை கிடையாது. ஒன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 470 ஞாயிறுகள் உங்களுக்காக ஒப்புக்கொடுத்தோம். அடுத்த மாதம் முதல் நம் ஞாயிறுகள் புதிய மக்களுக்கு உரியவை. உங்களுக்காக ஒப்புக்கொடுக்கும் கடமை உங்கள் புதிய பங்குத்தந்தையைச் சாரும். திங்கட்கிழமைகளைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. மாதத்தின் முதல் திங்களை உங்களுக்கென்று வைத்துக்கொண்டோம். காலை ஆறு மணிக்கு.