குற்றவாளியே நடுவனா?

வழக்குரைத்தல் என்றால் என்னவென்று மதுரைத் தமிழர்க்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. குற்றஞ் சாட்டப்பட்ட பாண்டியனே அன்று நடுவனாகவும் அமர்ந்திருந்தான். ஆயினும் உடைந்த சிலம்பின்முன் தன் பிழை உணர்ந்து உயிர்விட்டான். செல்லூரில் தறி நெய்வாரும் அறிந்த கதை இது. அத்தகைய நெஞ்சம் கொழும்பிலும் உண்டென்று நம்பச் சொல்கின்றனர் சிலர். நம்பலாமா?

முள்ளிவாய்க்காலில் 2009 மே திங்களில் போர் முடிந்தது. அதன் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்றும், மருத்துவமனைகள்மீதும் எறிகணைகள் வீழ்ந்தன என்றும் ஐ.நா. வல்லுநர் குழு 2011-இல் அறிவித்தது. அயல்நாட்டு நடுவரும் பங்குகொள்ளும் உசாவலுக்கு 2015-இல் இலங்கை அரசு ஒப்பிற்று. 2020-இல் அச்சொல்லைக் காற்றில் விட்டது. அவ்வாண்டே, மிருசுவிலில் குழந்தை உட்பட எண்மரைக் கொன்ற வழக்கில் உச்ச முறைமன்றமே உறுதிசெய்த தூக்கினின்று ஒரு படைஞனைக் குடியரசுத் தலைவர் மன்னித்து விடுவித்தார். இதுவோ நடுவுநிலை? குற்றவாளியே நடுவனாய் அமரின் தீர்ப்பு வேறெவ்வாறு அமையும்?

இவர்முன் முறை கேட்டு நிற்பவர் யாவர்? படையினரிடம் தம் கையாலேயே பிள்ளைகளை ஒப்படைத்த தாய்மார்! கிளிநொச்சியில் 2017 பிப்பிரவரி 20-இல் அவர்கள் படங்களை ஏந்தித் தெருவோரத்தில் அமர்ந்தனர். விடை பெறாமலே அவருட் பலர் மாண்டனர். அரசு வாய் திறவாவிடினும் மண் வாய் திறந்தது. செம்மணியில் 2025-இல் தோண்டியெடுத்த எலும்புக்கூடுகள் 200-க்கும் மேல். ஒரு குழந்தையின் எலும்புகளோடு பள்ளிப்பையும் பொம்மையும் கிடந்தன.

தில்லி செய்ததென்ன? 2009 மே 27-இல் மாந்தவுரிமை அவையில் கொழும்பைப் பாராட்டிய தீர்மானத்தை ஆதரித்தது. தமிழகம் கொந்தளித்த 2012, 2013 ஆண்டுகளில் மட்டும் கொழும்புக்கு எதிராக வாக்களித்தது. நம் குரல் தணிந்ததும் 2014, 2021, 2022 ஆண்டுகளில் வாக்களியாது ஒதுங்கிற்று. நாம் உறங்கினால் தில்லியும் உறங்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தமிழ்நெஞ்சங்களே! மே திங்கள்தோறும் விளக்கேற்றிக் கலைவதும், தேர்தல் மேடையில் ஈழம் பேசி மறப்பதும் போதா. சான்றுகளைத் திரட்டிக் காக்க மாந்தவுரிமை அவை 2021-இல் முடிவு செய்துள்ளது. நம் அருகில் ஆனையூர் ஏதிலியர் குடியிருப்பில் வாழும் உறவுகள் கண்டவற்றை, அவர்தம் இசைவோடு, பெயரும் நாளும் இடமும் பிழையாது எழுதிக் காப்போம். யார் செய்த கொடுமையாயினும் மறையாது எழுதுவோம். உண்மைக்கு அஞ்சுவோர் நாமல்லர். பன்னாட்டு உசாவலுக்கே வாக்களிக்குமாறு தில்லியை நெருக்க, நாம் தேர்ந்தனுப்பிய நாடாளுமன்ற உறுப்பினரைத் தட்டியெழுப்புவோம்.

கையில் சிலம்பு இல்லையேல் கண்ணகிக்கு வழக்கில்லை. அத்தாய்மாரின் சிலம்பைத் தொலையவிடாது காப்பதே நம் கடன்!