நாய்க்கு ஒரே சொல்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், வளர்ப்பு நாயைத் தந்தை “வா” என்றழைக்கிறார். தெலுங்கில் பயிலும் பிள்ளைகள் “ரா” என்கின்றனர். டெரியர் எதற்குக் கீழ்ப்படியும்? நாய் மொழியறியாது, ஒலியையும் அதன் பின்வரும் பயனையுமே அறியும்.

வளைக்குள் எலியையும் நரியையும் துரத்தவென்றே வளர்க்கப்பட்ட இனம் டெரியர். எலியைக் கண்டால் வளர்த்தவரையும் மறந்தோடும். காட்பாடி–திருப்பதி இருப்புப்பாதையருகே குடியிருப்போர் இதனைக் கருதுதல் வேண்டும்.

ஆதலின் வீட்டார் அனைவரும் ஒரே சொல்லைத் தேர்ந்துகொள்க. நாள்தோறும் இருமுறை, ஐந்தைந்து நிமிடம் பழக்குக. வந்தவுடன் சிறு தின்பண்டம் தந்து தட்டிக்கொடுக்க. அழைத்து அடிப்பது கூடாது. வந்ததற்கே அடியென்றெண்ணி மறுமுறை வாராது.

அச்சொல் தமிழாயினும் தெலுங்காயினும் நன்றே, ஒன்றாயிருத்தல் வேண்டும். வண்டி வரும் வேளையில் நாயின் உயிரைக் காப்பது அவ்வொரு சொல்லே.