மேஸ்திரிகளுக்கு ஒரு சங்கம் வேண்டும்

குந்தாரப்பள்ளி, ஓசூர் பகுதிக் கட்டடங்களில் நம் மக்களின் உழைப்பு இருக்கிறது. ஒப்பந்தமோ பெரும்பாலும் பிறர் கையில். எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில், அரசுக் கட்டுமானப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 17.15, பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடு சட்டப்படி ஒதுக்கப்படுகிறது. 50 லட்சமாக இருந்த பணி வரம்பு 2023-இல் 1 கோடி ரூபாயானது.

சட்டம் மட்டும் போதாது. ஒப்பந்ததாரர் பதிவு, டெண்டர் முன்பணம், பில் பாக்கி என ஒவ்வொன்றிலும் தனி ஆள் தடுமாறுவார். சங்கம் துணை நிற்கும். 2005-இல் புனேயில் தொடங்கிய தலித் இந்திய தொழில் வர்த்தக சபை இதற்கு முன்மாதிரி. நம் மேஸ்திரிகளும் ஒன்றுகூடி அரசுப் பணிகளில் பங்கு கேட்கட்டும்.

கூடவே, தம்மிடம் வேலை செய்யும் கொத்தனார், சித்தாள் அனைவரையும் தொழிற்சங்கத்தோடு சேர்ந்து கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யட்டும். சாரம் சரிந்தால் குடும்பத்துக்குக் கைகொடுப்பது அந்த அட்டைதான்.