சத்தமில்லாமல் கைமாறும் வீடுகள்



எமது ஊர்களில் வயல் விற்பவர் தேத்தண்ணிக் கடையில் வைத்தே விலை சொல்லுவார். மோட்டார் சைக்கிள் விற்பவர் முகநூலில் படம் போடுவார். வீடு மட்டும் அப்படியில்லை. "விற்பனைக்கு" என்று மதிலில் ஒரு மட்டை தொங்கினால், அந்த வீட்டார் நொடிந்துவிட்டார்கள், அல்லது வங்கி வாசலுக்கு வந்துவிட்டது என்றுதான் நாம் எடுத்துக்கொள்வோம். ஆகவே வீடுகள் இரகசியமாகத்தான் கைமாறுகின்றன. மக்ரிபுக்குப் பிறகு யாரோ இருவர் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். கேட்டால் "சொந்தக்காரர்" என்று பதில் வரும். இரண்டு மாதம் கழித்து அந்த வாசலில் வேறு முகம் நிற்கும்.

இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. தன் வீட்டை விற்பதை ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்று மார்க்கமும் சொல்லவில்லை, நாட்டுச் சட்டமும் சொல்லவில்லை. விளம்பரம் இல்லாமல், நம்பிக்கையான ஓரிருவர் மூலம் விற்பது ஒருவருடைய உரிமை. எமது பேச்சு வேறு. ஊர்வாய்க்கு மறைப்பது ஒன்று. பங்காளிக்கும், வீட்டுப் பெண்ணுக்கும், பதிவேட்டுக்கும் மறைப்பது இன்னொன்று. எம்மிடத்தில் இரண்டாவது, முதலாவதின் பெயரைச் சொல்லிக்கொண்டு நடக்கிறது. அதில் அநேகமாக நட்டப்படுபவர் விற்பவர்தான்.

ஏன் மறைக்கிறார்கள்? காரணத்தை வெளியில் தேட வேண்டாம். இன்னாருடைய வீடு விலைக்கு இருக்கிறதாம் என்று லுஹருக்குக் கேள்விப்பட்டால், அஸருக்குள் அதற்கு மூன்று கதை கட்டிவிடுகிறோம். மகன் காசை அழித்துவிட்டான், மருமகன் வியாபாரத்தில் விழுந்துவிட்டார், வாப்பாவுக்குப் பெரிய வருத்தமாம். அடுத்த நாள் சில்லறைக் கடையில் கொப்பிக் கணக்கு நிற்கிறது. கைமாற்றுக் கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே கிழமையில் வாசலுக்கு வருகிறார்கள். பேசிவைத்த கலியாணம் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று தள்ளிப்போகிறது. விற்று முடிந்த பிறகோ வேறொரு வரிசை வரும்: "கையில காசு இருக்குமே, ஒரு ரெண்டு இலட்சம் மாறித் தாங்களேன்." இவ்வளவையும் கண்ட மனிதர் வாய்மூடி விற்பதில் என்ன ஆச்சரியம்?

அதிலும் எமது கிழக்குக் கரையில் வீடு என்பது பெண்பிள்ளையோடு ஒட்டியது. காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை, மூத்த மகளுக்குக் கலியாணம் என்றால் இருக்கிற வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் இளையவர்களோடு வேறொரு சின்ன வீட்டுக்கு ஒதுங்குவதை எத்தனை குடும்பத்தில் பார்த்திருக்கிறோம். (அந்த வழக்கம் சரியா பிழையா என்பது வேறொரு நாள் பேச்சு.) ஆகவே வீடு விற்கிறார் என்றதும் ஊர் கேட்கும் முதற் கேள்வி, "அப்ப மகளுக்கு என்ன குடுக்கப் போறாராம்?" என்பதுதான். விற்பவர் பயப்படுவதும் அந்த ஒரு கேள்விக்கே.

இந்தப் பயத்தை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். "ஒருத்தருக்கும் தெரியாம நான் முடிச்சுத் தாறன், நீங்க வாயத் திறக்க வேணாம்" என்று வரும் புரோக்கரை எடுத்துக்கொள்வோம். எல்லாப் புரோக்கரையும் சொல்லவில்லை. அல்லாஹ்வுக்குப் பயந்து நேர்மையாகத் தொழில் செய்பவர்களும் எம்மிடையே உண்டு. ஆனால் "உங்களுக்குக் கையில எவ்வளவு வேணும், அதச் சொல்லுங்க, மேலுக்கு வாறது எனக்கு" என்ற பேச்சு வந்தால் கவனமாக இருங்கள். விற்பவரும் வாங்குபவரும் நேரில் விலை பேசாத இடத்தில்தான் அந்த "மேலுக்கு" வளரும். முதலில் இரண்டு பேரைக் கூட்டிவந்து அடிமாட்டு விலை கேட்க வைப்பார்கள். விற்பவர் மனம் உடைந்திருக்கும்போது மூன்றாவது ஆள் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவார். அது பெரிய நன்மையாகத் தெரியும்.

சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே மறித்துப் பொருள் வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தால், அந்த விற்பனையை முறிக்கும் உரிமையும் அவருக்குக் கொடுக்கப்பட்டது. ஏன்? விலை தெரியாதவனிடம் வாங்குவதில் அநீதி இருக்கிறது என்பதற்காக. விளம்பரம் இல்லாமல் வீடு விற்பவர் அந்த வணிகரைப் போன்றவர்தான், சந்தையைக் காணாமலே விற்கிறார். ஆகவே வாயைத் திறக்கும் முன்னரே தன் வீட்டின் பெறுமதியை அவர் அறிந்திருக்க வேண்டும். தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்தில் மதிப்பீடு எடுக்கலாம். அவர் வெளியூர்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது. அதற்குச் செலவாகும் காசை யோசித்து, பல இலட்சங்களை விட்டவர்கள் உண்டு.

இதைவிடப் பாரதூரமானது ஒன்று இருக்கிறது. வீட்டை விற்கவே எண்ணாதவர்கள் விற்றுவிடுவது.

அவசரத்துக்குக் காசு வேண்டும். வங்கிக்குப் போனால் ஊருக்குத் தெரியும், நாளும் எடுக்கும். தனியாள் ஒருவர் தருகிறார், "ஒரு உறுதி மட்டும் எழுதித் தாங்க" என்கிறார். ஒரு கோடி பெறுமதியான வீடு, 20 இலட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். எழுதப்படுவது ஈட்டு உறுதியல்ல. ஒரு வருடத்துக்குள் இவ்வளவு கட்டினால் திருப்பி எழுதித் தருவேன் என்ற நிபந்தனையோடு கூடிய விற்பனை உறுதி. சில இடங்களில் அந்த நிபந்தனையும் வாய்ப்பேச்சுத்தான், தாளில் நேரடி அறுதி. வருடம் முடிகிறது, காசு சேரவில்லை, வீடு போகிறது. 20 இலட்சத்துக்கு ஒரு கோடி. வியாபாரம் என்று பெயர் வைத்தாலும் இது வட்டியின் மிகக் கெட்ட வடிவம்.

சட்டத்தில் வழியே இல்லை என்றும் இல்லை. 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆவது பிரிவின் கீழ், சொத்தின் பயனைக் கொடுத்துவிடும் எண்ணம் உரியவருக்கு இருக்கவில்லை என்று சூழ்நிலைகள் காட்டினால், எழுதி வாங்கியவர் அவருக்காக அதை வைத்திருக்கும் பொறுப்பாளர் என்று நீதிமன்றம் கொள்ள முடியும். பெறுமதிக்கும் எழுதிய விலைக்கும் பெரிய இடைவெளி இருந்ததா, எழுதிக் கொடுத்தவர் தொடர்ந்து அதே வீட்டில் இருந்தாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஆனால் வழக்கு வருடக்கணக்கில் போகும். அதைவிட, அது கடன்தான் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். ஒருவருக்கும் தெரியாமல் செய்த காரியத்துக்குச் சாட்சிக்கு எங்கே போவது? உறுதியில் சாட்சிக் கையெழுத்து வைத்த இருவரும் கடன் கொடுத்தவர் கூட்டிவந்தவர்கள். பெண்சாதியின் பெயரில் வீடு இருந்தால், "இதுல ஒரு கையெழுத்து வை" என்றுதான் அவளுக்குச் சொல்லப்பட்டிருக்கும். வீட்டை இழந்த பிறகுதான் தான் என்னத்தில் கையெழுத்து வைத்தோம் என்பது அவளுக்குத் தெரிய வருகிறது. பள்ளிக்கூடத்தில் நாம் எழுத வாசிக்கக் கற்றுக்கொடுத்த பிள்ளைகள் இவர்கள். உறுதியை வாசிக்க அவர்களுக்கு யாரும் ஐந்து நிமிடம் கொடுப்பதில்லை.

வாப்பா மௌத்தான வீட்டை விற்பதிலும் இந்த இரகசியம் புகுந்துகொள்கிறது. மரண சாசனம் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்து, 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டத்தின்படி, அவர் சார்ந்த மத்ஹபின் சட்டப்படியே பிரியும். ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் பங்கு உண்டு. "அவங்களுக்குச் சீதனம் குடுத்தாச்சே" என்பது அந்தப் பங்கை அழிக்காது. அவர்களுக்குத் தெரியாமல் ஒரு சகோதரர் விற்றால், அவர் தன் பங்கை விற்றார் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. வாங்கியவர் தலையில் பங்கு வழக்கு விழும். இன்னொன்று, பிரிக்கப்படாத சொத்தில் பங்காளிக்கு ஷுஃப்ஆ என்ற முன்னுரிமையை மார்க்கம் கொடுத்திருக்கிறது. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் அது பங்காளிக்கு மட்டும்தான். ஹனஃபி மத்ஹபில் பக்கத்து வளவுக்காரருக்கும் உண்டு. மத்ஹப் எதுவானாலும், மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் நட்டம் என்ன? அநேக வேளைகளில் நல்ல விலை தருபவர் அவர்தான். அவருக்கு மட்டும்தான் அந்த வளவு இரண்டு மடங்கு பிரயோசனம்.

"வெளியாளுக்குக் குடுத்துடாதீங்க" என்று சொல்ல ஊரில் ஆட்கள் நிறைய. வெளியாள் தரும் விலையை அவர்கள் தருவதில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

தாள் விடயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனெனில் இரகசிய விற்பனைகள் தடுக்கி விழுவது இங்கேதான். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு, எழுத்தில் இருக்க வேண்டும். கொப்பித் தாளில் "அட்வான்ஸ் 5 இலட்சம் கிடைத்தது" என்று எழுதி இருவரும் கையெழுத்து வைப்பது காசு வாங்கியதற்கு அத்தாட்சியாகலாம்; வீட்டை விற்கும்படி அதைக் காட்டிக் கேட்க முடியாது. உறுதி எழுதினாலும் காணிப் பதிவகத்தில் பதியாமல் வைத்திருப்பது இன்னொரு ஆபத்து. அதே வீட்டுக்கு இரண்டாவது உறுதியை நேர்மையாகப் பணம் கொடுத்து வாங்கியவர் முந்திப் பதிந்துவிட்டால், முன்னுரிமை அவருக்கே. "கொஞ்ச நாள் ஊருக்குத் தெரிய வேணாம், பிறகு பதிவம்" என்று சொல்லும் விற்பனையாளரிடமிருந்து வாங்குபவர் விலகியிருப்பது நல்லது. அரச அனுமதிப்பத்திரம், அளிப்புப் பத்திரம் உள்ள காணியென்றால், பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாத கைமாற்றம் செல்லாது. நொத்தாரிசையும் புரோக்கர் கூட்டிவர விடாதீர்கள். அசல் உறுதியை "காட்டிட்டுத் தாறன்" என்பவர் கையில் கொடுக்காதீர்கள், பிரதி போதும்.

விலையைக் குறைத்து எழுதுவதும் இரகசியத்தின் பேரில்தான் நடக்கிறது. முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம் என்று பார்த்தால், ஒரு கோடி வீட்டுக்கு 3,99,000 ரூபாய். உறுதியில் 40 இலட்சம் என்று போட்டால் 1,59,000. மிச்சம் 2,40,000, அதுவும் வழக்கமாக வாங்குபவருக்கே. விற்பவருக்கு என்ன கிடைக்கிறது? நாளை பிரச்சினை என்று வந்தால், தான் ஒரு கோடிக்கு விற்றதற்கு அவரிடம் தாள் இல்லை. பொய்யான ஒரு கணக்கில் கையெழுத்து வைத்த பாவமும் அவருக்கு மிச்சம்.

மறைத்து மறைத்து நாள் கடத்துபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வங்கிக்கு ஈடு வைத்த வீடு, கடனும் பெரியது என்றால், 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடாமலே ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் உண்டு. அந்தத் தீர்மானம் வர்த்தமானியிலும், சிங்கள, தமிழ், ஆங்கில நாளேடுகளிலும் பிரசுரமாகும். கடன்காரர் பெயரோடுதான். எந்த விளம்பரத்துக்குப் பயந்து ஒரு மனிதர் இரண்டு வருடம் வாய் திறக்காமல் இருந்தாரோ, அதே விளம்பரம் மூன்று மொழியில் வரும். தவணை இரண்டு மூன்று தவறிய உடனேயே வங்கியில் பேசி, வங்கியின் சம்மதத்தோடு தாமே ஆள் பார்த்து விற்றுக் கடனைத் தீர்த்தால், ஊருக்கும் தெரியாது, மிச்சக் காசும் கையில் நிற்கும்.

ஆகவே நாம் கேட்பது ஒரு சின்ன ஏற்பாடு. ஜும்ஆப் பள்ளி நிர்வாகங்கள் ஸகாத்துக்குக் குழு வைத்திருக்கின்றன, குடும்பப் பிணக்குக்கு ஆட்கள் வைத்திருக்கின்றன. வீடு விற்க நினைப்பவர் போய்ப் பேச மூன்று பேர் போதும்: ஒரு சட்டத்தரணி, காணிக் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர், கட்டாயம் ஒரு பெண். வாங்க விரும்புபவர்களும் அவர்களிடமே சொல்லி வைக்கட்டும். பெயர் வெளியே போகக்கூடாது, கமிஷன் கிடையாது, உறுதியை வீட்டுப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டாமல் கையெழுத்துக்கு அனுப்பக்கூடாது. அந்த மூவரின் வாய் காக்குமா என்று சந்தேகப்படுபவர்கள் இருப்பீர்கள். நியாயமான சந்தேகம்தான். ஆளைத் தெரிவு செய்யும்போதே அதைப் பார்க்க வேண்டும். மிம்பரில் நன்றாகப் பேசுபவரைவிட, பேச்சுக் குறைந்தவரே இதற்குப் பொருத்தம்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒன்று. வீடு மாறும் செய்தி ஆசிரியர்களாகிய எமக்குத்தான் அநேகமாக முதலில் தெரிய வரும், ஏனெனில் பிள்ளையின் விடுகைப் பத்திரம் கேட்டு வருவீர்கள். சிலர் அதற்கும் வெட்கப்பட்டு, பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பிள்ளையைச் சொல்லாமல் நிறுத்திவிடுகிறீர்கள். தவணை முடியும் முன்னரே வந்து சொல்லுங்கள். புதிய பாடசாலைக்குக் கடிதம் தேவையென்றால் எழுதித் தருவோம், விட்ட பாடத்துக்குக் குறிப்பும் தருவோம். ஏன் போகிறீர்கள் என்று கேட்க மாட்டோம்.