மூன்று கிரெடிட்டில் அடங்காத துறையிடைக் கல்வி

கர்நாடக அரசு 2024 மே மாதம் நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்தைக் கைவிட்டு மூன்றாண்டுப் பட்டத்துக்குத் திரும்பியபோது, சமூக நீதியின் வெற்றி என்று ஒரு சாராரும், துறையிடைக் கல்வியின் வீழ்ச்சி என்று மறு சாராரும் எழுதினர். இரண்டும் மிகை. வீழ்வதற்கு அங்கே துறையிடைக் கல்வி எழும்பியிருக்கவே இல்லை.

புதிய தேசியக் கல்விக் கொள்கையை முதலில் நடைமுறைப்படுத்திய மாநிலம் என்ற பெயரை ஈட்டும் அவசரத்தில், 2021 ஆகஸ்டில் ஆணை வெளியிட்டு அக்கல்வியாண்டிலேயே மாணவரைச் சேர்த்தது அன்றைய அரசு. அவ்வாண்டு மைசூரில் வரலாறும் பொருளியலும் முதன்மைப் பாடங்களாகக் கொண்டு சேர்ந்த ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். பிற துறை அவளுக்கு வாய்த்தது மூன்று கிரெடிட் விருப்பப்பாடமாக; பருவம் முடிந்தால் அதுவும் முடிந்தது. விருப்பம் என்பதும் பெயரளவுக்கே. எந்த ஆசிரியருக்குப் பணிச்சுமை குறைகிறதோ அவருடைய பாடமே மாணவரின் விருப்பமாகிவிடும் என்பதைக் கல்லூரிகளை அறிந்தவர் அறிவர். அவள் மூன்றாம் ஆண்டை முடிக்கும் தறுவாயில் அடுத்த ஆணை வந்தது: அவளும் அவளுக்குப் பின் சேர்ந்த இரு அணியினரும் விரும்பினால் நான்காம் ஆண்டைத் தொடரலாம், அதன்பின் எவருமில்லை. மூன்றாண்டில் மூடப்படவுள்ள வகுப்புக்கு எந்தப் பல்கலைக்கழகம் ஆசிரியரை நியமிக்கும்?

நான்காம் ஆண்டின் செலவு ஏழைக் குடும்பங்களை வாட்டும் என்ற வாதம் வலுவானது. அதற்கு விடை உதவித்தொகையா, ஓராண்டை வெட்டுவதா என்பதே வழக்கு.

இதே மைசூரின் மகாராஜா கல்லூரியில் அறிவியல் மாணவராகத் தொடங்கியவர் ஏ. கே. ராமானுஜன். ஆங்கில இலக்கியத்துக்கு மாறச் சொன்னவர் கணிதப் பேராசிரியரான அவருடைய தந்தை. 1949இல் ஆங்கிலத்தில் ஆனர்ஸ், 1958இல் புணே டெக்கான் கல்லூரியில் மொழியியல் பட்டயம், 1963இல் இந்தியானாவில் முனைவர் பட்டம். குறுந்தொகை அவர் கையில் அகப்பட்டது சிகாகோ நூலகமொன்றின் அடித்தளத்தில். அவர் படித்த ஆனர்ஸ் ஒற்றைத் துறைப் படிப்பே. ஒன்றில் ஆழ்ந்தபின் எல்லை தாண்டினார். 'அவர் விதிவிலக்கு, கற்றோர் வீட்டுப் பிள்ளை' என்பர். உண்மைதான். வழிமாறத் துணிவும் வழிகாட்டலும் அவருக்கு வீட்டிலேயே கிடைத்தன. வீட்டில் அவை கிடைக்காத மாணவிக்குப் பல்கலைக்கழகம் அன்றி வேறெது தரும்?

தருவதற்கு மைசூரில் இடமா இல்லை? மானசகங்கோத்ரியில் பல்கலைக்கழகத்தின் அருகிலேயே 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும், 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனமும் இருக்கின்றன. மொழி, மூளை, செவி, சமூகம் எல்லாம் நடந்து சென்றடையும் தொலைவில். இளங்கலை மாணவி ஓராண்டு முழுவதும் அங்கே அமர்ந்து ஒரே கேள்வியைத் துரத்தி அதற்கே பட்டம் பெற வழி செய்யுங்கள் என்று 2021 ஆணையைக் கொண்டாடியோர் கேட்கவில்லை. 2024 ஆணையைக் கொண்டாடியோரும் கேட்கவில்லை. மூன்றாண்டுப் பட்டத்தை நாங்கள் விடவேயில்லை என்று தமிழ்நாட்டிலிருந்து கைதட்டியோரும் கேட்கவில்லை.