ஒரே ஒரு பிசினஸ் கிளாஸ் சீட்... யார் உட்காருவது?

ஊர் திரும்ப இன்னும் இரண்டே நாள். லண்டனில் மகன் வீட்டு ஹாலில் இரண்டு சூட்கேஸ்கள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. பேரனுக்குக் கொண்டு வந்த முறுக்கு டப்பாக்கள் காலியாகி, அந்த இடத்தில் சாக்லேட்டும் ஸ்வெட்டரும் ஏறிக்கொண்டிருந்தன. அப்போதுதான் மகன் லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்திச் சொன்னான்.

“அம்மா, என்கிட்ட இருக்கிற பாயின்ட்டுக்கு ரிட்டர்ன்ல ஒரு டிக்கெட்டை பிசினஸ் கிளாஸா மாத்தலாம். ஒண்ணுதான் முடியும். யார் போறீங்க?”

அம்மா யோசிக்கவே இல்லை. “அப்பா போகட்டும்டா. அவருக்கு முட்டி வலி.”

அப்பாவும் யோசிக்கவில்லை. “நான் எங்க உட்கார்ந்தாலும் குறட்டை விட்டுத் தூங்கிடுவேன். எனக்கு எதுக்கு? நீ போ.”

திருச்சியைச் சேர்ந்த அந்தத் தம்பதிக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். மூன்று வாரம் மகன் வீடு, லண்டன் பாலம், ஒரு ஸ்காட்லாந்து சுற்றுலா என்று சந்தோஷமாகவே கழிந்தது. ஆனால், அந்த ஒரு சீட்டுக்காக அன்று ராத்திரி வரை வீட்டில் வாக்குவாதம் ஓயவில்லை. கடைசியில் மருமகள்தான் ஒரு கேள்வி கேட்டு முடித்து வைத்தாள். “அத்தை, வந்து இறங்கினப்போ உங்க கால் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?”

ஜன்னல் ஓரத்தில் பத்து மணி நேரம்

முதல் விமானப் பயணம், வெளியே பார்க்கட்டும் என்று வரும்போது அம்மாவுக்கு ஜன்னல் ஓரம் கொடுத்திருந்தார்கள். நடுவில் அப்பா. நடைபாதை ஓரத்தில் யாரோ ஒரு இளைஞர். விமானம் ஏறிய அரை மணி நேரத்தில் அந்த இளைஞர் போர்வையை இழுத்து மூடித் தூங்கிவிட்டார். அப்பாவும் தூங்கிவிட்டார்.

அம்மா தூங்கவில்லை. பாத்ரூம் போக வேண்டுமென்றால் இரண்டு பேரை எழுப்ப வேண்டும். முன்பின் தெரியாத பையனை எப்படி எழுப்புவது? அதனால், தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். பணிப்பெண் ஜூஸ் நீட்டியபோதும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். பத்து மணி நேரத்துக்கும் மேல் ஒரே இடத்தில், காலைக்கூட நீட்டாமல் உட்கார்ந்திருந்தார். லண்டனில் இறங்கும்போது செருப்பு காலுக்குள் நுழையவில்லை. இரண்டு நாள் வீக்கம் வடியவில்லை.

இதைப் படிக்கும் பல பெண்களுக்கு இது புதிதாக இருக்காது. பஸ் பயணம், ரயில் பயணம், கல்யாண மண்டபம் என எங்கே போனாலும் “தண்ணி குடிச்சா பாத்ரூம் தேடணும்” என்று வாயைக் கட்டும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. நீண்ட விமானப் பயணத்தில் அது கொஞ்சம் ஆபத்தான பழக்கம்.

காலைக் கவனியுங்கள்

வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இருந்து ரத்தம் மேலே திரும்புவது மந்தமாகும். இரண்டு பாதங்களும் லேசாக வீங்குவது பெரும்பாலும் சாதாரணம். நடக்க ஆரம்பித்தால் சரியாகிவிடும். ஆனால், சிலருக்குக் காலின் உள்நரம்பில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் இந்த அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் ஆய்வு முடிவு வெளியிட்டது. அப்படியும், சராசரியாக 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான் இது வருகிறது. பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

முன்பு இதற்கு ‘எகானமி கிளாஸ் சிண்ட்ரோம்’ என்றே ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் தப்பு. விலை அதிகமான சீட்டில் அசையாமல் கிடந்தாலும் இது வரலாம். கார், பஸ், ரயிலிலும் வரலாம். காரணம் சீட்டின் விலை கிடையாது, அசையாமல் இருப்பதுதான். ஜன்னல் ஓரத்தில் மாட்டிக்கொள்பவர்கள் எழுந்து நடப்பது குறைவு என்பதால், அவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை.

நரம்புச் சுருட்டு உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்கள், முன்பே ரத்தக்கட்டி வந்தவர்கள் கிளம்பும் முன் டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது. இறுக்கமான காலுறை வேண்டுமா, மருந்து வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும். நாமாக ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஊர் வந்து சேர்ந்த சில வாரங்களுக்குள் ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு, சிவப்பு தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

அந்த சீட்டில் அப்படி என்ன இருக்கிறது?

பிசினஸ் கிளாஸ் ரொம்பப் பழைய விஷயம் கிடையாது. வேலை விஷயமாகக் கடைசி நேரத்தில் முழுக் கட்டணம் கொடுத்துப் பறந்தவர்கள், தள்ளுபடி டிக்கெட்டில் வந்தவர்களின் பக்கத்திலேயே உட்கார வேண்டியிருந்தது. அவர்களைத் தக்கவைக்க 1970-களின் கடைசியில் விமான நிறுவனங்கள் தனிப் பகுதி ஒதுக்கின. ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் 1979-ல் தொடங்கியது. படுக்கையாக முழுசாக விரியும் சீட்டை 2000-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் கிளாஸுக்குக் கொண்டு வந்தது. இன்று நீண்ட தூர விமானங்கள் பலவற்றில் அதுதான் வழக்கம்.

எகானமியில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் பெரும்பாலும் 31, 32 அங்குலம்தான். பிசினஸில் ஆறடி நீளத்துக்குப் படுக்கலாம். புதிய விமானங்கள் பலவற்றில் ஒவ்வொரு சீட்டில் இருந்தும் நேராக நடைபாதைக்கு வந்துவிடலாம்.

ஆனால், பணம் கொடுத்தாலும் மாறாத ஒன்று உண்டு. காற்று! விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலத்தான் வைக்கப்படுகிறது. கிட்டத்தட்ட கொடைக்கானலில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பது மாதிரி. ஆனால், கொடைக்கானலின் ஈரப்பதம் இருக்காது. தொண்டையும் உதடும் காயும். நாக்குக்கு உப்பும் இனிப்பும் மட்டுப்படும். முன்சீட்டோ பின்சீட்டோ, தண்ணீர் குடித்தே ஆக வேண்டும்.

போகும்போதா, வரும்போதா?

ஒரு பக்கம் மட்டும் வசதியாகப் பறக்க முடியும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? ஐரோப்பாவில் இருந்து திரும்புபவர்கள் வரும் பயணத்தையே தேர்ந்தெடுக்கலாம். மேற்கே போகும்போது நாள் நீள்கிறது. உடம்பு அதற்குச் சீக்கிரம் பழகிவிடும். கிழக்கே வரும்போது நாள் சுருங்குகிறது. அதுதான் உடம்பைப் படுத்தும். லண்டனில் மதியம் ஏறினால் சென்னையில் அதிகாலை இறங்கலாம். நடுவில் கண்ணை மூடாவிட்டால் ஒரு ராத்திரியே காணாமல் போய்விடும். அதோடு, போகும்போது கூட்டிப்போக மகன் வருவான். வரும்போது இந்தத் தம்பதிக்குத் திருச்சி வரை இன்னும் ஐந்தாறு மணி நேர கார் பயணம் காத்திருந்தது.

பர்ஸைத் திறக்கும் முன்

* நீண்ட தூரத்துக்கு பிசினஸ் கிளாஸ் கட்டணம் பல நேரம் எகானமியைப் போல மூன்று, நான்கு மடங்கு. வரியும் கூட. இந்தியாவில் எகானமி டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். 2025 செப்டம்பர் 22 முதல் மற்ற வகுப்புகளுக்கு 18 சதவிகிதம். முன்பு 12 ஆக இருந்தது.

* பிரிட்டனில் இருந்து கிளம்பும் விமானங்களுக்கு அந்த நாட்டு அரசின் பயணி வரி தனி. 2025 ஏப்ரலில் வந்த கணக்குப்படி, இந்தியா போன்ற தூரத்துக்கு எகானமியில் 90 பவுண்டு, அதற்கு மேற்பட்ட வகுப்பில் 216 பவுண்டு என்று இருந்தது. பாயின்ட் கொடுத்து மாற்றினாலும் இந்த வித்தியாசம் பணமாகக் கேட்கப்படும். ‘இலவசம்’ என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

* காலியாக இருக்கும் சீட்டுகளுக்கு ஏலம் போல விலை கேட்கும் வசதியைப் பல நிறுவனங்கள் தருகின்றன. நீங்கள் சொல்லும் தொகை பெரும்பாலும் ஒரு ஆளுக்கு. ஒரே டிக்கெட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு மடங்காகிவிடும். ‘ஓகே’ அழுத்தும் முன் பாருங்கள்.

* ஏலத்தில் கிடைத்த சீட்டுக்குச் சில நிறுவனங்கள் கூடுதல் லக்கேஜ், லவுஞ்ச் வசதி தருவதில்லை. முன்கூட்டியே கேளுங்கள்.

* சைவ உணவு சொல்லி வைத்திருந்தால், சீட் மாறியதும் மறுபடி சொல்லுங்கள். ஆள் முன்னால் போய், சாப்பாடு பின்னாலேயே தங்கிவிடுவது உண்டு. நம்மூர் சைவத்துக்குக் குறியீடு ‘ஏ.வி.எம்.எல்.’, சினிமா கம்பெனி பெயர் மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

* ஒருவர் பிசினஸில் பறந்தால், இடம் அதிகம் எடுத்துக்கொள்வதால், அவர் பங்குக்குச் சேரும் கரிப்புகை எகானமியைப் போல சுமார் மூன்று மடங்கு. ஆடம்பரத்துக்கா, தேவைக்கா என்று ஒரு நிமிடம் யோசிக்க இதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் எட்டாத செலவு என்றாலும் கவலையில்லை. நடைபாதை ஓர சீட் போதும். அம்மாவுக்கு வரும்போது உண்மையில் தேவைப்பட்டது அதுதான். தூங்கும் நேரம் போக மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கலாம். உட்கார்ந்தபடியே குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்கி, விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்கி, ஒரு இருபது தடவை செய்யலாம். முன்சீட்டுக்கு அடியில் காலை மறிக்கும்படி பையைத் திணிக்க வேண்டாம்.

திரைக்கு அந்தப் பக்கம்

புறப்படும் நாள். விமான நிலையத்தில் முதல் சிக்கல், லவுஞ்ச். அம்மாவின் டிக்கெட்டுக்கு அனுமதி உண்டு, அப்பாவுக்குக் கிடையாது. “நீங்க இங்க பெஞ்சுல உட்கார்ந்திருக்க, நான் மட்டும் உள்ள போய் காபி குடிக்கணுமாக்கும்” என்று அம்மா நகரவே இல்லை. இருவரும் கேட் அருகே உட்கார்ந்து, மருமகள் கட்டிக்கொடுத்த சப்பாத்தியைப் பிரித்துச் சாப்பிட்டார்கள்.

விமானத்தில் அம்மா முன்னால், அப்பா பின்னால். முதல் ஒரு மணி நேரம் அம்மாவுக்கு இருப்பே கொள்ளவில்லை. சீட்டில் இருந்த பட்டன்களைத் தொடப் பயம். பணிப்பெண் மேசையில் துணி விரித்துச் சாப்பாட்டைக் கொண்டு வந்து வைத்தபோது, தட்டை எடுத்துக் கொடுக்க அம்மாவின் கை தானாக நீண்டது. “நீங்கள் உட்காருங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்” என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னது புரிந்தது. வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகே உட்கார்ந்து பழகியவருக்கு, முதல் பந்தியில் தனியாகச் சாப்பிடுவது கூச்சமாகத்தான் இருந்தது.

ஒருமுறை எழுந்து, திரையை விலக்கிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தார். நடைபாதை ஓர சீட்டில் அப்பா சொன்னபடியே குறட்டை. நழுவியிருந்த போர்வையை இழுத்துவிட்டுத் திரும்பினார். அதன் பிறகு பணிப்பெண் சீட்டைப் படுக்கையாக்கிக் கொடுக்க, நான்கு மணி நேரம் தூங்கினார்.

சென்னையில் அதிகாலை. பெட்டி வரும் பெல்ட் அருகே அப்பா முதலில் பார்த்தது அம்மாவின் கால்களைத்தான். செருப்பு சரியாகப் பொருந்தியிருந்தது.

“எப்படி இருந்துச்சு? பெரிய டிவி, சாப்பாடு எல்லாம் பிரமாதமாமே?”

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

“அதெல்லாம் இருந்துச்சுங்க. நல்லா தண்ணி குடிச்சேன். யாரையும் எழுப்பாம, மூணு தடவை பாத்ரூம் போனேன்.”